ஒன்றேமுக்கால் பேருந்து

அவித்த மல்லாட்டையின் வாசனைதான் முதலில் வந்தது. பேருந்து நின்றுபோனது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

செஞ்சியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இன்ஜின் ஒருமுறை இருமி, புளியமரத்து நிழலாகப் பார்த்து ஒதுங்கிவிட்டது. ஓட்டுநர் இறங்கி இன்ஜினைப் பார்த்தார். நடத்துநர் இறங்கி ஓட்டுநரைப் பார்த்தார். பின்சீட்டுக்காரர்கள் இறங்கி இரண்டு பேரையும் பார்த்தார்கள். அதற்குள் கூடையோடு இரண்டு பெண்கள் வந்துவிட்டார்கள். வண்டி கெட்டுப்போகும் இடம் அவர்களுக்கு மட்டும் எப்படியோ முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. ஜன்னல் வழியாக ஒரு பொட்டலம் உள்ளே நீண்டது. உப்பும் ஈரமும் செம்மண்ணுமாக என் உள்ளங்கையில் ஒரு சூடு.

மஸ்கட்டில் இதே வேர்க்கடலை டப்பாவில் கிடைக்கிறது. தோலுரித்து, உப்புப் பூசி, தான் மண்ணுக்குள் இருந்ததையே மறந்துபோன கடலை. எட்டு வருஷமாக அதைத்தான் தின்கிறேன். அது ஒருநாளும் என்னை எங்கேயும் கூட்டிப் போனதில்லை. இந்தப் பொட்டலம் கூட்டிப் போனது. ரொம்ப தூரம் இல்லை, அந்தப் புளியமரத்திலிருந்து தெரிகிற அடுத்த வளைவு வரைக்கும்தான்.

தொண்ணூற்றேழில் அந்த வளைவில் ஒரு வேன் கவிழ்ந்து கிடந்தது. மூட்டைகள் உடைந்து சாலை நெடுகப் பச்சை மல்லாட்டை. செருப்புக்கு அடியில் அது நொறுங்க நொறுங்க நின்றுகொண்டு, கையில் மைக்கைப் பிடித்து, உயிரோடு இருந்த ஓர் ஆளை நான் சாகடித்தேன்.

அப்போது நான் ஒரு தனியார் தொலைக்காட்சியின் திருவண்ணாமலைச் செய்தியாளர். அந்த வேலைக்கு வந்த வழி வேடிக்கையானது. எண்பத்தொன்பதில் தீபத் திருவிழாக் கூட்டத்தில் காணாமல் போனவர்களின் பெயரை ஒலிபெருக்கியில் அறிவிக்க ஆள் தேடினார்கள். தட்டச்சு படித்துவிட்டுச் சும்மா இருந்த என்னை உட்கார வைத்தார்கள். கூண்டு மாதிரி ஒரு தகரக் கொட்டகை, ஒரு மைக், வெளியே அழுதுகொண்டு ஒரு வரிசை. பெயரை இரண்டுமுறை கேட்பேன். ஊரை இரண்டுமுறை கேட்பேன். பிறகுதான் வாயைத் திறப்பேன். அந்தக் குரலைக் கேட்டுத்தான் பின்னாளில் தொலைக்காட்சிக்காரர்கள் தேடி வந்தார்கள். குரலைக் கொண்டுபோனேன். இரண்டுமுறை கேட்கும் வழக்கத்தைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டேன்.

அலுவலகம் சென்னையில். செய்தி இங்கே. நடுவில் ஒரே பாலம், அரசுப் பேருந்து. படம் பிடித்த கேசட்டை உறையில் போட்டு, மதியம் ஒன்றேமுக்கால் பேருந்தின் ஓட்டுநர் கையில் கொடுத்துவிட்டு, எதிரே இருந்த தொலைபேசிக் கடைக்கு ஓடி வண்டி எண்ணை அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். பாரிமுனையில் ஒருவர் காத்திருந்து வாங்கிக்கொள்வார். ஒன்றேமுக்காலை விட்டால் அடுத்தது இரண்டரை. இரண்டரையில் ஏறிய கேசட் எட்டு மணிச் செய்திக்குப் போய்ச் சேராது. எட்டு மணியில் வராத சாவு எங்கள் அலுவலகத்தைப் பொறுத்தவரை நடக்காத சாவு.

நானும் கேமராக்காரர் பஷீரும் அந்த வளைவுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஓட்டுநரைத் தூக்கிப் போயிருந்தார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டதாம், விழுப்புரத்துக்குக் கொண்டுபோகிறார்களாம். வேனின் முதுகில் ‘கீழ்பென்னாத்தூர் ஏழுமலை’ என்று பெரிதாக எழுதியிருந்தது. கூட்டத்தில் கேட்டேன். ஏழுமலை தன் ஸ்டியரிங்கில் ஈ உட்காரக்கூட விடமாட்டார் என்றார்கள். போதாதா? விழுப்புரத்துக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமா என்றார் பஷீர். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

ஏழுமலை அன்று வேனில் இல்லை. திருவண்ணாமலையில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது, வேலூர் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த மகளுக்குக் கடுங்காய்ச்சல் என்று அவருக்குத் தகவல் வந்திருக்கிறது. வேன் ஸ்டாண்டில் நின்ற சினேகிதரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வேலூர் பஸ்ஸில் தொற்றிக்கொண்டார். வீட்டில் போன் கிடையாது. வேனை எடுத்துப் போனவர் அடி அண்ணாமலையைச் சேர்ந்த சேகர். செத்துப்போனவரும் அவர்தான்.

மறுநாள் விஷயம் தெரிந்ததும் திருத்தம் எழுதி, படித்துப் பதிவு செய்து, அதே ஒன்றேமுக்காலில் ஏற்றினேன். அது ஒளிபரப்பாகவில்லை. இன்றைக்கு வேறு சாவு இருக்கிறது என்றார்கள். வருஷம் திரும்புவதற்குள் வேலையை விட்டேன். கணவருக்கு மஸ்கட்டில் உத்தியோகம் கிடைத்தது. அங்கே மேடைத் தொகுப்பாளர் ஆனேன். பொங்கல் விழா, பள்ளி ஆண்டு விழா, கலை இரவு, கல்யாண வரவேற்பு. யாரும் சாகாத மேடைகளாகத் தேடித் தேடி ஏறினேன்.

போன பொங்கல் விழா முடிந்து மேடையிலிருந்து இறங்கும்போது, அங்கே டிரைவராக இருக்கிற ஒருவர் வழிமறித்தார். ஏழுமலையின் மைத்துனராம். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய ஒரு கல்யாணப் பத்திரிகையை நீட்டினார்.

“மாமா உங்களத்தான் மைக் புடிக்கச் சொன்னாருங்க. சாவடிச்ச வாயே வந்து பொண்ணு கல்யாணத்த நடத்தித் தரணும்னாரு.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வீட்டுக்கு வந்து பிரித்தேன். மணப்பெண்ணின் உறவினர் வரிசையில், சிற்றப்பாவின் இடத்தில் ஒரு பெயர்: தெய்வத்திரு சேகர், அடி அண்ணாமலை. இறந்தவர்களின் பெயருக்கு முன்னால் தெய்வத்திரு போட்டு, அவர்களும் நம்மை அழைப்பதுபோல் அச்சடிப்பது நம் பக்கத்து வழக்கம். அந்தப் பெயரை நான் தொலைக்காட்சியில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. மைக்கில் சொல்லிவிட்டுத்தான் திரும்புவது என்று அப்போதே தீர்மானித்தேன். விடுப்பு கேட்டது, விமானம் ஏறியது எல்லாம் அந்த ஒரு வரியின் மேல் ஏறிக்கொண்டுதான்.

பேருந்தை எல்லோருமாகத் தள்ளினோம். நானும் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தள்ளினேன். மஸ்கட்டில் வண்டி நின்றால் போன் செய்துவிட்டு ஏசி உள்ள இடமாகப் பார்த்து உட்கார்ந்துவிடுவார்கள். இங்கே வண்டி நின்றால் அத்தனை பேரும் ஒரு குடும்பமாகி, அது கிளம்பியதும் மறுபடி ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போடுகிறோம். அந்த வளைவைக் கடக்கும்போது கண்ணை மூடக்கூடாது என்று உட்கார்ந்திருந்தேன். மூடவில்லை. சாலையை அகலப்படுத்தியிருந்தார்கள்.

செங்கம் சாலையில் ஆசிரமத்துக்குப் பக்கத்துச் சந்தில் அறை. மாலை, எதிரே ஓலைக்கூரை போட்ட காபிக் கடையில் உட்கார்ந்தேன். நான் இங்கே இருந்த காலத்தில் அது வைக்கோல் போர் இருந்த இடம். இப்போது கரும்பலகையில் எலுமிச்சை இஞ்சி டீயும் வாழைப்பழ அப்பமும் எழுதியிருந்தது. தோசை கேட்டதற்குப் பரிமாறுகிறவர் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார்.

பக்கத்து மேசையில் ஒரு ஜெர்மானிய அம்மாள் தன் தோழியிடம் ஆங்கிலத்தில் குறைபட்டுக்கொண்டிருந்தார்: மௌனத்தைத் தேடி இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன், விடியற்காலை ஐந்து மணிக்கு ஒலிபெருக்கி போட்டு எழுப்புகிறார்கள், இந்த ஊர்க்காரர்களுக்கு அப்படி என்னதான் சொல்லியாக வேண்டும்? எனக்கு அந்த ஒலிபெருக்கியின் மேல்தான் பாசம் வந்தது. சொல்லியாக வேண்டியது ஒன்று தொண்டையில் இருக்கிறவர்களுக்கு மௌனம் ஒரு ஓய்வு இல்லை. அது ஒரு வேலை. எட்டு வருஷமாகப் பார்த்த வேலை.

மஸ்கட்டிலும் மலைகள் உண்டு. ஒரு புல் கிடையாது, அத்தனையும் வெயிலில் சுட்ட செங்கல் நிறம். அவை ஊருக்கு முதுகு காட்டிப் படுத்திருக்கும். இந்த மலை அப்படியில்லை. எந்தச் சந்தில் திரும்பினாலும் எதிரே வந்து நிற்கிறது. கடன்காரன் மாதிரி என்று எழுத நினைத்தேன். அடித்துவிட்டேன். சாட்சி மாதிரி.

இரண்டாம் நாள் காலை பஷீரைப் பார்க்கப் போனேன். தேரடித் தெருவுக்குப் பின்னால் ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். கண்ணாடிப் பெட்டிக்குள் மணமக்கள், காதுகுத்து, பெரியவளான பெண்கள். செய்தியில் இருந்து அவரும் என்னைப் போலவே நல்ல காரியங்களுக்குத் தப்பித்து வந்தவர். வாங்க மேடம் என்றார், நேற்றுத்தான் பிரிந்தது போல. தலையில் முடி கம்மி, மற்றபடி அதே பஷீர். இட்லியும் வடைகறியும் வரவழைத்தார். வடைகறியை வாயில் வைத்ததும், ஊர் என்பது நாக்கில் ஒரு இடம் என்று தோன்றியது.

ஏழுமலை வீட்டுக் கல்யாண வீடியோவும் அவர்தானாம். நான் கொண்டுவந்த பத்திரிகையை எடுத்துக் காட்டினேன். அவர் மேசை இழுப்பறையைத் திறந்து இன்னொரு பத்திரிகையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். அதே பிள்ளையார், அதே மண்டபம், அதே நேரம். சிற்றப்பா இருந்த இடத்தில் மட்டும் வரி கிடையாது. மேலும் கீழும் இருந்த பெயர்கள் நகர்ந்து அந்த இடத்தை மூடியிருந்தன.

மாப்பிள்ளை வீட்டார் ஆரணிப் பக்கம். யார் இந்தச் சேகர், ரத்த சம்பந்தமா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்றதும், அகாலமாய்ப் போனவரை, அதுவும் அந்நியரை எதற்குப் பத்திரிகையில் இழுத்துவர வேண்டும் என்று மாப்பிள்ளையின் சித்தப்பா கடிந்துகொண்டிருக்கிறார். ஏழுமலை அந்தப் பக்கத்துக்கு வேறு அச்சடித்துக் கொடுத்துவிட்டார்.

“இப்ப ஊருக்கு ஒரு பத்திரிகை, ஆரணிக்கு ஒரு பத்திரிகை. மேடையில ஒரே மைக்கு மேடம். அது யாரு பக்கம் பேசும்?”

நான் சொல்லத்தான் போகிறேன் என்றேன். பஷீர் இரண்டு பத்திரிகைகளையும் என் பக்கம் தள்ளினார். இந்தத் தடவையாவது கேட்டுட்டுச் சொல்லுங்க என்றார். யாரிடம் என்று எனக்கே தெரிந்தது.

மூன்றாம் நாள் ஷேர் ஆட்டோவில் அடி அண்ணாமலைக்குப் போனேன். ஆறு பேர் உட்காரும் இடத்தில் பதினோரு பேர். என் மடியில் யாருடையதோ கீரைக்கட்டு. பாதி வழியில் ஓட்டுநர் தன் ஊர்க்காரர் ஒருவரைப் பார்த்துவிட்டு, வண்டியை அணைக்காமல் இறங்கிப் போய் ஒரு டீ குடித்துவிட்டே வந்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கீரைக்கட்டுக்காரி மட்டும், அவருக்கும் சேர்த்து நாங்க குலுங்கிக்கினு இருக்கோம் என்றாள்.

மலையைச் சுற்றுகிற பாதையில் சேகரின் மனைவி மல்லிகா ஒரு கடை வைத்திருக்கிறாள். டீ, சோடா, கற்பூரம், பௌர்ணமிக்கு வருகிறவர்களுக்குச் சாத்துக்குடி. வேலை நாள் மதியம் என்பதால் கூட்டமில்லை. ஒரு டீ என்றேன். அவள் வடிகட்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மூஞ்சி மறந்துட்டேன். கொரல மறக்கல.”

பெஞ்சில் உட்காரச் சொன்னாள். டீ கொடுத்தாள். பிறகு எதிரே நின்றபடியே, எனக்கு இதுவரை யாரும் சொல்லாததைச் சொன்னாள்.

அன்று எட்டு மணிச் செய்தியை அவளும் பார்த்திருக்கிறாள். ஏழுமலை அண்ணன் போய்விட்டார் என்று அடித்துப்பிடித்துக் கீழ்பென்னாத்தூருக்கு ஓடியிருக்கிறாள். சேகர் வண்டி எடுத்துப் போனால் இரண்டு நாள், மூன்று நாள் ஆகும். அவரைத் தேடத் தோன்றவில்லை. ஏழுமலையின் மனைவி கன்னியம்மா தரையில் புரண்டு வளையலை உடைத்துக்கொள்ள, அவளை மடியில் போட்டுக்கொண்டு விடியும்வரை தண்ணீர் கொடுத்தவள் மல்லிகாதான். காலையில் விழுப்புரத்துக்குத் துணைக்கும் போயிருக்கிறாள். துணியை விலக்கியதும் கன்னியம்மா, இது எங்க வூட்டுக்காரரு இல்ல என்று சத்தமாகச் சிரித்துவிட்டாளாம். மல்லிகா அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்திருக்கிறாள்.

டீ ஆறிப்போயிருந்தது. நான் பேச வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

“உங்களால ஒரு ராத்திரி ஜாஸ்தியா சுமங்கலியா இருந்தேன். அதுக்கு உங்களத் திட்றதா கும்புட்றதான்னு இன்னி வரைக்கும் தெரியலக்கா. அத வுடுங்க. இந்த ஊர்ல அந்த ஆக்சிடெண்ட யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. ஏழுமலை செத்துப் பொழச்ச கதைனு சிரிச்சிக்கினே சொல்லுவாங்க. இந்தக் கடையில டீ குடிச்சிக்கினே சொல்லியிருக்காங்க. அந்தக் கதையில எங்க வூட்டுக்காரரு இல்லவே இல்ல. யாரோ வண்டிய ஓட்டிக்கினு போனான். அவ்ளோதான்.”

ஏழுமலை வேலூரிலிருந்து திரும்பியபோது வாசலிலேயே நிறுத்தி மஞ்சள்நீர் ஊற்றியது, அழுது முடித்த மனைவிக்கே கோயிலில் வைத்து மறுபடி தாலி கட்டியது, அன்று முதல் அவருக்கு ‘ரெண்டு தாலி’ என்று பட்டப்பெயர் விழுந்தது எல்லாம் எனக்கும் தெரியும். மஸ்கட்டில் அதை நானே ஒரு மேடையில் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன். அதை அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

நாளை மறுநாள் கல்யாணம், நாளை மாலை வரவேற்பு, வருவாயா என்று கேட்டேன். மேடையில் அவர் பெயரைச் சொல்லப்போகிறேன், சொல்லலாமா என்றும் கேட்டேன். ஒன்பது வருஷம் கழித்து, ஒரு பெயரைச் சொல்வதற்கு முன் கேட்டது அப்போதுதான்.

மல்லிகா கல்லாவுக்குப் பின்னாலிருந்து பத்திரிகையை எடுத்தாள். பெயர் இருக்கும் பத்திரிகை. இன்னொன்று அச்சடித்ததும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

“வரேன். பின்னாடி ஒக்காந்துக்குவேன். மேடைக்கு மட்டும் கூப்ட்ராதீங்க. பாவம், அப்படி இப்படினு ஒண்ணும் சொல்லாதீங்க. டிரைவர்னு சொல்லுங்க. ஹெவி லைசென்ஸ் வெச்சிருந்தாரு. ஏழுமலை அண்ணனுக்கே அது கெடையாது.”

நான்காம் நாள், கீழ்பென்னாத்தூர். மண்டபத்து வாசலில் வாழைமரம், சீரியல் விளக்கு, ஜெனரேட்டரின் உறுமல். ஏழுமலையை அதுவரை நான் நேரில் பார்த்ததே இல்லை. பட்டு வேட்டியில் ஓடிவந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

“வாங்க மேடம். நான் செத்து ஒம்போது வருஷமாச்சு. கருமாதிக்குக்கூட வரல நீங்க.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பழகிய சிரிப்பு. அவரும் அதை ஊருக்குப் பழக்கிவைத்திருந்தார். ஆனால் மைக் கையில் வரும் நேரத்தில் அவரே என்னைத் தூணோரம் கூப்பிட்டார். கூடவே மாப்பிள்ளையின் சித்தப்பா. கறாரான மனிதர், கெட்டவர் இல்லை. சுபகாரியத்தில் போனவர் பேச்சு எடுத்தால் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் எழுந்து போய்விடுவார்கள், அப்புறம் அந்தப் பெண்ணுக்குத்தான் பேச்சு என்று நிதானமாகவே சொன்னார். ஏழுமலை தரையைப் பார்த்தபடி, இந்த ஒருநாள் மட்டும் வுட்டுடலாமா மேடம் என்றார்.

எனக்கு வந்த கோபத்தை மென்று விழுங்கினேன். பயப்படுகிற தகப்பனை மேடையேறி மீற எனக்கு உரிமை உண்டா? ஒன்பது வருஷம் முன்பு யாரையும் கேட்காமல் ஒரு பெயரைச் சொன்னேன். இன்றும் இந்தக் கல்யாண வீட்டில் யாரையும் கேட்காமல் ஒரு பெயரைச் சொன்னால் அது வேறு ஒரு தவறு, அவ்வளவுதான். விட்டுவிட்டுப் போகவும் நான் இவ்வளவு தூரம் வரவில்லை. கேட்க வேண்டிய ஆள் ஒருவர் பாக்கி இருந்தார்.

மணமகள் அறையில் கௌரி தலை நிறையப் பூவோடு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வேலூரில் காய்ச்சலில் கிடந்த பன்னிரண்டு வயதுக்காரி இவள்தான். விஷயத்தைச் சொன்னேன். ஜடை அலங்காரம் செய்துகொண்டிருந்த பெண் கையை நிறுத்திவிட்டாள். கௌரி கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினாள்.

“எனக்கு ஜொரம் வரலன்னா அவரு வண்டியே எடுத்திருக்க மாட்டாரு ஆன்ட்டி. பேரப் போடச் சொன்னதே நான்தான். நீங்க சொல்லுங்க. சொன்ன ஒடனே நான் எழுந்து நின்னுடுவேன். அப்புறம் யாரு ஒக்காந்துனு இருக்காங்கன்னு பாப்போம்.”

மேடை ஏறினேன். ஐந்நூறு முகம். வரவேற்றேன். இரண்டு குடும்பத்தையும் அறிமுகப்படுத்தினேன். மாப்பிள்ளையின் சித்தப்பாவை அவர் எதிர்பார்த்ததைவிட இரண்டு அடைமொழி கூடச் சேர்த்தே வரவேற்றேன். கடைசி வரிசையில், கைகழுவும் இடத்துக்குப் போகிற கதவுக்குப் பக்கத்தில், கத்தரிப்பூ நிறச் சேலையில் மல்லிகா உட்கார்ந்திருந்தாள்.

பிறகு சொன்னேன். அழகாகச் சொல்ல எவ்வளவோ ஒத்திகை பார்த்திருந்தேன். ஒன்றும் நினைவில் இல்லை. தகரக் கொட்டகையில் பேசியது போலத்தான் வந்தது. ஒன்பது வருஷம் முன்பு கிட்டேயே ஒரு வேன் கவிழ்ந்தது, அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் சொன்னவள் நான், ஆஸ்பத்திரியில் கேட்காமல் பெயரைத் தவறாகச் சொன்னேன், இன்றுவரை திருத்தவில்லை, இப்போது திருத்துகிறேன் என்றேன்.

“அந்த வேனை ஓட்டியவர் அடி அண்ணாமலை சேகர். டிரைவர். ஹெவி லைசென்ஸ் வைத்திருந்தவர். இந்த மணமகளுக்குக் காய்ச்சல் என்று அவளுடைய அப்பா ஓட வேண்டியிருந்தபோது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டவர். இந்தக் கல்யாணத்துக்கு அவரும் நம்மை அழைத்திருக்கிறார்.”

கௌரி எழுந்து நின்றாள். மாப்பிள்ளை ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தார். பிறகு அவரும் எழுந்தார். பக்கத்தில் நிற்பதுதான் தன் முதல் வேலை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். மணமக்கள் நின்றுகொண்டிருக்க முன்வரிசை எப்படி உட்கார்ந்திருக்கும்? நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டன. சித்தப்பா கடைசியாக, வேட்டியைச் சரிசெய்கிற சாக்கில் எழுந்து, சரிசெய்து முடித்தும் உட்காராமல் நின்றார். ஏழுமலை மேடையோரத்தில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். அவரைச் சிரிக்காமல் பார்த்தது ஊருக்கு அதுதான் முதல் தடவை.

மல்லிகா அழவில்லை. முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள். எல்லோருக்கும் கேட்டதா என்று பார்த்தாள். கன்னியம்மா முன்வரிசையிலிருந்து விலகி, கூட்டத்தின் நடுவே நடந்துபோய், அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த ராத்திரி உட்கார்ந்திருந்த அதே இரண்டு பேர்.

அதற்குப் பிறகு நாதஸ்வரம், மாலை, வரிசை, பரிசுப் பொட்டலங்கள். ஆரணிக்காரர்கள் யாரும் எழுந்து போகவில்லை. பந்தியில் கேசரி தீர்ந்துபோனதற்குத்தான் குறைபட்டார்கள். சாப்பிட்டுவிட்டு வந்தபோது பஷீர் கேமராவிலிருந்து கேசட்டை எடுத்து உறையில் போட்டு, சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டார்.

“இத எந்த பஸ்லயும் ஏத்தப்போறதில்ல மேடம். நானே கைல கொண்டுபோய் அந்தம்மாகிட்ட குடுக்கறேன்.”

ஐந்தாம் நாள் காலை தாலி கட்டு முடிந்ததும் கிளம்பிவிட்டேன். இரவு விமானம். மதியம் திருவண்ணாமலைப் பேருந்து நிலையத்தில் சென்னை வண்டி தயாராக நின்றது. கடிகாரத்தைப் பார்த்தேன், ஒன்று முப்பத்தைந்து. நேரம் மாறவே இல்லை, அதே ஒன்றேமுக்கால். எதிரே இருந்த தொலைபேசிக் கடை மட்டும் பழச்சாறுக் கடையாகியிருந்தது.

ஏறப்போனபோது மல்லிகா வந்தாள். கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தாள். கையில் ஒரு துணிப்பை, அதில் பச்சை மல்லாட்டை. அங்கே போய் உப்புப் போட்டு அவித்துக்கொள்ளச் சொன்னாள். பிறகு போகவும் இல்லை, பேசவும் இல்லை. பையின் காதைத் திருகிக்கொண்டே நின்றாள். ஓட்டுநர் ஏறினார். நடத்துநர் விசில் கொடுத்தார். எனக்குள் அந்தப் பழைய கடிகாரம் கையைப் பிடித்து இழுத்தது.

நான் ஏறவில்லை. வண்டி என்னைத் தாண்டி, வளைந்து, போயே போய்விட்டது. பழச்சாறுக் கடைப் பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அவள் பேச ஆரம்பித்தாள். சேகருக்கு விசிலடிக்க வராதாம், எவ்வளவு முயன்றாலும் வெறும் காற்றுதான் வருமாம். பூரி என்றால் உயிர். வண்டி கழுவும்போது யாராவது பேச்சுக்கொடுத்தால் பிடிக்காது. கல்யாணத்தன்று மாலையை மாற்றச் சொன்னால் தன் மாலையைத் தானே கழற்றித் திரும்பத் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டாராம். இதைச் சொல்லும்போது மல்லிகா சிரித்தாள். அன்று இந்த ஒன்றேமுக்காலைப் பிடிக்கத்தான் விழுப்புரத்துக்குப் போகாமல் ஓடிவந்தேன் என்று நானும் சொன்னேன். முக்கால் மணி நேரம் சேகர் எங்கள் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒன்பது வருஷத்தில் நான் சேகரித்த முதல் உருப்படியான செய்தி அதுதான்.

இரண்டரை வண்டி வந்து நின்றது. இந்தத் தடவை அவளே எழுந்து, என் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். இன்ஜின் கிளம்பியது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“அன்னிக்கும் இந்த ரெண்டரை பஸ்ஸு இருந்துச்சாக்கா?”

“இருந்துச்சு மல்லிகா.”